எத்தினையாம் பிள்ளை எண்டு கேக்காத ஒரு டிசம்பர்

டிசம்பர் பிறந்தால் எங்கட ஊர்களில் ஆரம்பப் பாடசாலை எங்க இருக்கு என்று ஒருவரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. கரோல் சத்தம் வருகிற பக்கம் நடந்தால் போதும். மூன்றாம் தவணை முடியப் போகுது, கொப்பிகளும் முடிஞ்சு போச்சு, ரீச்சர்மார் ஒளிவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டு நிற்பினம். சவுக்கங்கொப்பு ஒன்றை வாளிக்குள்ள நட்டு, அதில பஞ்சைப் பிய்ச்சு ஒட்டி, பனி எண்டு சொல்லுவம். வெளியில மாரி மழை ஊத்திக்கொண்டிருக்கும்.

வேறு பல நாடுகளில் பாடசாலை ஆண்டு கோடையில் முடிகிறது. எங்களுக்கு அது ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நடுவில் சித்திரையிலும் ஓகஸ்டிலும் லீவு வந்தாலும், வகுப்பு ஏறுகிற லீவு டிசம்பர் லீவுதான். ஆகவே ஒரு பிள்ளை தன்னுடைய ஒரு வருசத்தை எப்படி முடிக்கிறது என்பதைத் தீர்மானிப்பவை டிசம்பரில் நடக்கும் மூன்று விசயங்கள்: விழா, பரிசு, லீவு. இந்த மூன்றையும் பற்றி எங்களுக்குச் சில கேள்விகள் இருக்கின்றன.

முதலில் ஒளிவிழாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அது நத்தார் விழாதான். ஆனால் சைவப் பாடசாலைகள் பலவற்றிலும் அது நடக்கிறது. மரியாளாக முக்காடு போட்டு நிற்கிற பிள்ளை காலையில் திருநீறு பூசிக்கொண்டு வந்த பிள்ளையாக இருக்கும். நவராத்திரி நேரம் வாணி விழாவுக்கு அவல் கடலை வாங்க வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குள்ளே கிறிஸ்தவப் பிள்ளைகளும் நின்றிருப்பார்கள். மதத்தின் பேரால் பிள்ளைகளைப் பிரித்து வைக்காத இந்தப் பழக்கம் எங்கட சமூகத்தின் நல்ல பழக்கங்களில் ஒன்று. அதை நிப்பாட்டச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. அந்த மேடையில் ஆர் நிக்கினம், ஆர் கீழே இருந்து கை தட்டினம் என்றுதான் கேட்கிறோம்.

ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள் என்று வைப்போம். பாலன் பிறப்பு நாடகத்துக்கு மரியாள், சூசை, மூன்று ஞானிகள், நாலைந்து இடையர்கள், வெள்ளைச் சட்டை போட்ட தேவதூதர்கள். மிஞ்சிப்போனால் பன்னிரண்டு பேர். நடனத்துக்கு எட்டுப் பேர். ஆனால் நடனத்துக்குத் தெரிவாகிற எட்டில் ஐந்து பேர் நாடகத்திலும் இருப்பார்கள். வரவேற்புரையும் அவர்களில் ஒருவர்தான். வாணி விழாவில் பேச்சுப் பேசியதும் அதே பிள்ளை, ஆசிரியர் தினத்துக்குப் பாட்டுப் படித்ததும் அதே பிள்ளை. மற்றவர்கள் வருசம் முழுக்கக் கை தட்டுகிறார்கள். ஐந்து வருசம் ஒரு பாடசாலையில் படித்து, ஒருக்காலும் மேடையில் ஏறாமல் தரம் ஆறுக்குப் போகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அந்தத் தெரிவு எப்படி நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பயப்படாமல் கதைக்கிற பிள்ளை, சொன்ன உடன பிடிச்சுக்கொள்ளுற பிள்ளை, உடுப்புத் தைச்சுத் தர வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, நிறம் கொஞ்சம் வெள்ளையான பிள்ளை. கடைசிக் காரணத்தை ஒருவரும் வாய் திறந்து சொல்லமாட்டினம். ஆனால் மரியாளுக்கும் தேவதூதருக்கும் எப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிறோம் என்று விழாப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் விளங்கும். பெத்லகேமில் பிறந்த குழந்தையின் தாய் என்ன நிறமாக இருந்திருப்பார் என்று யோசித்தாலே இது எவ்வளவு பகிடியான விசயம் என்று தெரியும். பகிடிதான். ஆனால் ஏழு வயதில் ‘உனக்கு அந்தப் பாத்திரம் பொருந்தாது’ என்று விளங்கிக்கொள்கிற பிள்ளைக்கு அது பகிடி இல்லை.

அடுத்தது விருந்தினர்கள். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று மூன்று வரிசை. அவர்களை வாசலில் இருந்து அழைத்து வர, மாலை போட, விளக்கேற்ற, ஆசியுரை, தலைமையுரை, விருந்தினர் உரை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பேச ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். தேவதூதருக்கு உடுப்பு மாட்டின பிள்ளை பசியில மேடைக்குப் பின்னால் நித்திரையாகிப் போகும். பிள்ளைகளுக்கான விழாவில் பிள்ளைகள்தான் அதிகம் காத்திருக்கிறார்கள்.

இரண்டாவது விசயம் பரிசு. எங்கட ஊரில் ஒரு பிள்ளையைக் கண்டால் பெரியாக்கள் கேட்கிற முதல் கேள்வி, ‘நீ எத்தினையாம் பிள்ளை?’ வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று கேட்கவில்லை. வகுப்பில் எத்தனையாம் இடம் என்று கேட்கிறார்கள். முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை, மூன்றாம் பிள்ளை. அதுக்குப் பிறகு வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி வரும்போது நிலத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாம் தவணை ரிப்போட் வந்த கையோடு டிசம்பர் லீவும் தொடங்குவதால், நத்தார், புதுவருசம், சொந்தக்காரர் வீடு என்று போகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி பின்னால் வருகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 1990களின் இறுதியில் இலங்கையில் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வந்தது. தரம் 1, 2 ஒரு முதன்மை நிலை. தரம் 3, 4 இரண்டாவது. தரம் 5 மூன்றாவது. முதல் நிலையில் விளையாட்டுக்குக் கூடிய இடம். மேலே போகப் போகத்தான் மேசையில் இருந்து எழுதுகிற வேலை கூடும். ஒவ்வொரு பிள்ளையும் அத்தியாவசியமான தேர்ச்சிகளை அடைந்திருக்கிறதா என்று ஆசிரியர் வகுப்பறையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் திட்டத்தின் மனசில் இருந்த கேள்வி ‘இந்தப் பிள்ளைக்கு இது வருதா, இல்லையா?’ என்பது. அடுத்த பிள்ளையோடு ஒப்பிட்டு இடம் போடுகிற கேள்வி அது இல்லை. நாங்களோ விளையாடச் சொல்லிப் பாடத்திட்டம் எழுதிவிட்டு, தரம் ஒன்றிலேயே மூன்று பேருக்கு மட்டும் கேடயம் கொடுக்கிறோம்.

தரம் ஐந்து புலமைப் பரிசிலைப் பற்றிச் சொல்லாமல் இதை விளங்கப்படுத்த முடியாது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுக்கவும், கெட்டிக்காரப் பிள்ளைகளை நல்ல வசதியுள்ள பாடசாலைகளுக்கு அனுப்பவும் வந்த பரீட்சை அது. கன்னங்கராவின் காலத்து இலவசக் கல்விக் கனவோடு சேர்ந்து வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு அது உண்மையிலேயே கதவைத் திறந்தது. இன்றைக்கு வருசத்துக்கு மூன்று இலட்சம் பிள்ளைகள் அளவில் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. மிச்ச ஐந்து பங்கும் பத்து வயதில் ‘விட்டுட்டாய்’ என்று கேட்கிறார்கள். 2024 செப்டம்பரில் நடந்த பரீட்சையில் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, விசயம் உயர் நீதிமன்றம் வரை போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் மூன்று கேள்விக்காக நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்தது என்றால், அந்தப் பரீட்சையின் மேல் நாங்கள் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள்.

அந்தப் பாரம் டிசம்பர் விழாவுக்கும் வந்து சேர்கிறது. வெட்டுப்புள்ளி தாண்டின பிள்ளைகளுக்கு மாலை, பொன்னாடை, முகம் போட்ட பெரிய பதாகை. அதே வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் அந்தப் பதாகைக்குக் கீழால்தான் கேற்றைத் தாண்டிப் போய்வர வேண்டும்.

பாடசாலைக்குள் வருவதற்கு முன்னமே இது தொடங்கிவிடுகிறது. முன்பள்ளிகளில் இப்போது வருச முடிவில் பட்டமளிப்பு விழா. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி, கையில் சுருட்டின கடதாசி. அந்த வெக்கையில் அங்கிக்குள் நிற்கிற பிள்ளை அழுதால் அதையும் போனில் எடுத்துப் போடுகிறோம். அங்கி வாடகை, மண்டப வாடகை, படக்காரர் செலவு எல்லாம் பெற்றோரின் தலையில். பாட்டும் பலூனும் கேக்கும் இருந்தால் ஐந்து வயதுக்குப் போதாதா?

காசு விசயத்தையும் வெளிப்படையாகப் பேசவேணும். இலவசக் கல்வி உள்ள நாடு இது. ஆனால் டிசம்பரில் வகுப்பு வட்ஸ்அப் குறூப்பைத் திறந்தால் அப்படித் தெரியாது. உடுப்புக்கு இவ்வளவு, ஒப்பனைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, ரீச்சருக்குச் சீலை எடுக்க ஆளுக்கு இவ்வளவு. காசு தந்தவர்களின் பெயர்ப் பட்டியல் குறூப்பிலேயே போடப்படும். தராதவர் ஆர் என்று சொல்லத் தேவையில்லை, பட்டியலில் இல்லாத பெயரைப் பார்த்தால் தெரியும். 2022 நெருக்கடிக்குப் பிறகு பல வீடுகளின் வரவு செலவு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. அந்த வருசம் மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்ட நாடு இது. காசு கட்ட ஏலாத தாய் என்ன செய்கிறார்? விழா அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் மறித்து வைக்கிறார். அந்தக் காய்ச்சலை எந்தச் சமூகமளிப்புப் பதிவேடும் கண்டுபிடிக்காது.

இதைச் சொன்னால் வருகிற மறுமொழிகளும் எங்களுக்குத் தெரியும். ‘உலகமே போட்டிதானே, சின்னனில பழகட்டும்’ என்பது முதலாவது. போட்டி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓடத் தெரிந்த பிள்ளை ஓடட்டும், பாடத் தெரிந்த பிள்ளை பாடட்டும். போட்டிக்கு வருசத்தில் வேறு எத்தனையோ நாள் இருக்கு. ‘எல்லாப் பிள்ளையையும் மேடையில் ஏற்றினால் நிகழ்ச்சி நல்லா வராது’ என்பது இரண்டாவது. சிலவேளை வராதுதான். ஒரு பிள்ளை வசனத்தை மறக்கும், இன்னொன்று அம்மாவைப் பார்த்துக் கை காட்டும். அதைப் பார்க்கத்தானே தாய் தகப்பன் வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கினம்? மூன்றாவது மறுமொழி ஆசிரியர்களுடையது: ‘எங்களுக்கு இருக்கிற வேலைக்குள்ள இது வேறயா?’ இது நியாயமான கேள்வி. ஆகவேதான் விழாவைப் பெருப்பிக்கச் சொல்லாமல் சின்னதாக்கச் சொல்கிறோம். ஒரு மாதப் பழக்கம் தேவையில்லாத விழா ஆசிரியருக்கும் ஆறுதல்.

அப்படிப்பட்ட விழா எங்களுக்குப் புதிசும் இல்லை. ஆரம்பப் பாடசாலைகளில் நடக்கிற மாணவர் சந்தையை நினைத்துப் பாருங்கள். வீட்டு வளவில் இருக்கிற முருங்கைக்காய், தேசிக்காய், கீரைப்பிடி, நாலு முட்டை, அம்மா சுட்ட வடை. பிள்ளை கடை போடும், விலை சொல்லும், மிச்சக் காசு எண்ணும், பெரியவர்களோடு பேரம் பேசும். கணக்கும் வருது, பேச்சும் வருது. கடைசி வரிசையில் இருக்கிற பிள்ளைதான் சில நேரம் முதலில் விற்று முடிக்கும். அங்கே ஒருவரும் எத்தினையாம் பிள்ளை என்று கேட்பதில்லை. தரம் ஒன்று, இரண்டுப் பிள்ளைகளின் விளையாட்டு விழாவும் இப்படித்தான். தவளைப் பாய்ச்சலிலும் போத்தலில் தண்ணி நிரப்புவதிலும் கடைசியாக வந்த பிள்ளை சிரித்துக்கொண்டுதான் வரும். இந்த இரண்டையும் நடத்தத் தெரிந்த பாடசாலைக்கு டிசம்பரில் மட்டும் ஏன் இயலாமல் போகுது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். மலையகத்தில் மண்சரிவு, பல இடங்களில் வெள்ளம், பாடசாலைக் கட்டடங்களிலேயே சனம் தங்கியது. டிசம்பர் நடுவில் திரும்பத் திறந்தபோது ஆண்டு முடியச் சில நாட்கள்தான் இருந்தன. இந்த நிலைமையில் என்ன விழா என்று கேட்டால், மண்டப வாடகையும் மாலையும் வேண்டாம் என்பதில் எங்களுக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் வீட்டையும் கொப்பியையும் பறிகொடுத்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் கூடி ஒரு பாட்டுப் படித்து, ஒரு துண்டு கேக்கைப் பிரித்துச் சாப்பிட்டு, ‘ஜனவரியில காணுவம்’ என்று சொல்லிக்கொண்டு பிரிவது எந்த வருசத்தையும் விட அந்த வருசம்தான் கூடுதலாகத் தேவைப்பட்டது. வருச முடிவுக் கொண்டாட்டம் எதற்காக என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது விசயம் லீவு. டிசம்பர் லீவு வடக்கில் பட்ட லீவு. வாடைக்காற்று எழும்பினால் வெளி முழுக்கப் பட்டம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்க எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வரும். அந்தப் பெரிய பட்டங்களுக்குப் பின்னால், ஈர்க்கையும் மெல்லிய தாளையும் வைத்துக்கொண்டு குந்தியிருந்து பட்டம் கட்டப் பழகின பல பிள்ளைகளின் லீவுகள் இருக்கின்றன. முச்சை பிழைத்தால் பட்டம் குத்தும். வால் கூடினால் எழும்பாது. பிழைத்தால் இறக்கித் திரும்பக் கட்ட வேண்டியதுதான். பிழைத்துப் பிழைத்துப் பழகுகிற இப்படியான படிப்புக்கு எந்த வகுப்பிலும் நேரம் இல்லை. (பெண் பிள்ளைகளின் கையில் பட்டக் கயிறு எவ்வளவு அரிதாகப் போகிறது என்பது தனியாக எழுத வேண்டிய கதை. இந்த லீவில் வீட்டில் இருக்கிற தங்கச்சியிடம் கயிற்றைக் கொடுத்துத் தொடங்கலாம்.)

இப்போது தரம் நான்கு முடிக்கிற பிள்ளைக்கு டிசம்பர் லீவு என்றால் புலமைப் பரிசில் வகுப்புத் தொடங்குகிற மாதம். காலையில் ஒரு ரியூசன், பின்னேரம் இன்னொன்று, இரவில் மாதிரி வினாத்தாள். பரீட்சைக்கு முன்னான கடைசி நாட்களில் வகுப்பு நடத்தக்கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு வருசமும் அறிவிக்கிறது. அந்தச் சில நாட்களுக்கு முன்னால் கிடக்கிற எட்டு மாதத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

ஆனால் பெற்றோரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. லீவு நாளில் பிள்ளையை ரியூசனுக்கு அனுப்புகிற எத்தனையோ தாய்மாருக்கு அது படிப்பு மட்டும் இல்லை, பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஒரு பாதுகாப்பான இடமும்தான். அம்மா ஆடைத் தொழிற்சாலையில், அல்லது தேயிலை மலையில், அல்லது வெளிநாட்டில். அப்பா கடலில். அம்மம்மா வீடு முந்தி பக்கத்து ஒழுங்கையில் இருந்தது, இப்ப கனடாவில். பிள்ளைக்கு மிச்சமாக இருப்பது ரியூசன் கொட்டில் அல்லது போன். ‘ரியூசனை நிப்பாட்டுங்கோ’ என்று சொல்லுறது சுகம். ‘அப்ப பிள்ளையை எங்க விடுறது?’ என்ற கேள்விக்கு மறுமொழி வைத்திருக்காமல் அதைச் சொல்லுவதில் பிரயோசனம் இல்லை.

மறுமொழியின் ஒரு பகுதி எங்கட ஊரிலேயே பூட்டிக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஊருக்கு ஒன்றாவது சனசமூக நிலையம் இருக்கு. பிரதேச சபை நூலகங்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கு. தோட்டங்களில் மண்டபமோ கோயில் மடமோ இருக்கு. காலையில் பேப்பர் பார்க்க நாலு ஐயாமார் வருவினம், பிறகு நாள் முழுக்கக் கதிரைகள் சும்மா கிடக்கும். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற அக்காமார், கம்பஸ் லீவில் வந்து நிற்கிற அண்ணாமார் எல்லாருமே அதே ஊரில்தான் இருக்கினம். இரண்டையும் சேர்த்து வைக்க ஆள்தான் தேவை.

இதை வாசிக்கிற நீங்களும் நாங்களும்தான் அந்த ஆட்கள். பெரிய செயலமர்வு வேண்டாம், பதாகை வேண்டாம், அனுசரணையாளர் வேண்டாம். லீவில் ஒரு கிழமை, காலை ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை, சனசமூக நிலையத்தில் இருபது பிள்ளைகள். ஒரு நாள் கதைப் புத்தகம் வாசிப்பம், ஒரு நாள் பட்டம் கட்டுவம், ஒரு நாள் ஊரில் இருக்கிற ஒரு முதியவரைக் கூப்பிட்டுக் கதை கேட்பம், ஒரு நாள் களிமண்ணோ கடதாசியோ கிடைத்ததை வைத்து ஏதாவது செய்வம், ஒரு நாள் சும்மா விளையாடுவம். தாய் தகப்பனிடம் முன்னமே கதைத்து, பொறுப்புக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள் கூட இருக்க ஒழுங்கு செய்துகொண்டால் சரி. ஆகப் போகிற செலவு தேத்தண்ணியும் பிஸ்கற்றும்.

பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சுவிஸிலும் இருந்து நீங்கள் அனுப்புகிற காசில் எங்கட பாடசாலைகள் பல நிமிர்ந்து நிற்கின்றன. முதலாம் பிள்ளைக்குக் கொடுக்கிற தங்கப் பதக்கத்தின் காசுக்குத் தரம் ஒன்று முழுவதற்கும் ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுக்கலாம். கணக்குப் பார்த்துச் சொல்லுங்கோ.

பாடசாலைகளிடம் கேட்பது இவ்வளவுதான். இந்த டிசம்பரில் தரம் ஒன்று தொடக்கம் மூன்று வரையாவது இடம் போடாமல் விடுங்கோ. விழாவில் ஒரு பிள்ளையும் வெறுமனே கை தட்டி முடிக்காமல் பாருங்கோ. ஒரு விருந்தினர் போதும், அவரும் ஐந்து நிமிசம் பேசினால் போதும். உடுப்பு வீட்டில் இருக்கிறதாக இருக்கட்டும். இடையனுக்கு அப்பாவின் சாரமும் ஒரு துவாயும் காணும்.

மற்றது எங்கட வாய். இந்த லீவில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளையைக் கண்டால் எத்தினையாம் பிள்ளை என்று கேட்காமல் இருப்பம். ‘இப்ப என்ன விளையாடுறனீங்கள்?’ என்று கேட்டுப் பாருங்கோ. பிள்ளை நிமிர்ந்து பார்க்கும், பிறகு கதையை நிப்பாட்டுறதுதான் கஷ்டம்.